அஞ்சாம் நம்பர்

செருப்புக் கடையில் “எந்த நம்பர்மா?” என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். “அஞ்சு” என்பேன். ரத்த குரூப் மாதிரி, ஒருமுறை தெரிந்துகொண்டால் ஆயுசு முழுக்க அதுதான் என்று எண்ணம். அந்த எண்ணத்தோடும், அது பெற்றுப் போட்ட கால் ஆணிகளோடும் அறுபது வயது வரை நிம்மதியாக நொண்டினேன்.

மூல காரணம், என்னைப் பெண் பார்க்க வந்த கூட்டத்தில் இருந்த ஒரு அத்தை. தலைமுடியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டே வந்தவர், கடைசியில் “பாதம் மட்டும் சின்னதா, லட்சணமா இருக்கு” என்றார். அழகுக்காக எனக்குக் கிடைத்த ஒரே சர்டிஃபிகேட். அதில் இருந்த “மட்டும்” என் காதில் விழவே இல்லை.

பாதம் சர்டிஃபிகேட்டை மதிக்கவில்லை. வயது ஏற ஏற, எலும்புகளை இழுத்துக் கட்டியிருக்கும் நார்கள் தளர்கின்றன. பாதத்தின் வளைவு தாழ்கிறது. கால் நீளமும் கூடுகிறது, அகலமும் கூடுகிறது. போதாததற்கு, குதிகாலுக்கு அடியில் மெத்தையாக இருந்த கொழுப்பும் மெலிந்துபோகிறது. உடம்பில் எங்கெங்கோ கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கிறேன். குறைந்தது அங்கே ஒரு இடத்தில்தான்.

கடையில் நானும் கடைப் பையனும் சேர்ந்து நடத்துகிற நாடகம் ஒன்று உண்டு. நீங்களும் நடித்திருப்பீர்கள். அஞ்சாம் நம்பருக்குள் காலைத் திணிப்பேன். சுண்டுவிரல் வெளியே எட்டிப் பார்க்கும். “கொஞ்சம் டைட்டா இருக்கே தம்பி?” “போடப் போட லூஸ் ஆயிடும்மா.” தலையாட்டிவிட்டு பில் போடச் சொல்வேன். லூஸ் யார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

அதிலும் நான் கடைக்குப் போவது காலையில், ஷட்டரைத் தூக்கின உடனே. போணி நேரத்தில் விலையைக் குறைப்பார்கள் என்பது அம்மா சொல்லிக்கொடுத்த சூட்சுமம். காலையில் ஒடுங்கியிருக்கிற பாதம் நாள் முழுக்க நின்று நடந்தால் சாயங்காலம் உப்பும், செருப்பு வாங்கச் சாயங்காலம்தான் போக வேண்டும் என்பதெல்லாம் அம்மாவின் சூட்சுமத்தில் சேரவில்லை. போணியில் மிச்சம் பிடித்த காசுக்கு மெடிக்கல் ஷாப்பில் கார்ன் கேப் வாங்கினேன்.

அந்த கார்ன் கேப்பில் இருப்பது சாலிசிலிக் அமிலம் என்பது ப்ளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி எடுத்த எனக்குத் தெரியும். சர்க்கரை இருக்கிறவர்கள் அதை டாக்டரைக் கேட்காமல் காலில் ஒட்டக் கூடாது என்பது தெரியாது. எனக்குச் சர்க்கரை இருப்பதும் அப்போது தெரியாது.

பிறகு குதிகால் வலி வந்தது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கிற முதல் அடியில் உயிர் போகும். நாலடி நடந்தால் கொஞ்சம் விடும். பக்கத்து வீட்டம்மா குதிகால் வாதம் என்றார், டாக்டர் பிளான்டர் ஃபேசியைட்டிஸ் என்றார். குதிகாலிலிருந்து விரல்வரை பாதத்துக்கு அடியில் ஓடுகிற பட்டை ராத்திரி இறுகிவிடுகிறது. காலையில் மேலே எடை விழுந்ததும் வெடுக்கென்று இழுபடுகிறது. பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, காலுக்கு அடியில் போட்டு உருட்டச் சொன்னார்.

தினமும் உருட்டினேன். உருட்டிவிட்டுத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைப்பேன். ஒரு மே மாதத்து மத்தியானம், வெயிலில் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்த என் வீட்டுக்காரர், பாதி உருகியிருந்த அந்தப் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்துவிட்டு, “இதுதான்டி தண்ணி” என்றார். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

தீவுத்திடல் பொருட்காட்சியில் அக்குபிரஷர் செருப்பும் வாங்கினேன், அடிப்பாகம் முழுக்க முள் முளைத்தது. உடம்பிலுள்ள அத்தனை நோய்க்கும் பாதத்தில்தான் ஸ்விட்ச் இருப்பதாக மைக்கில் சொன்னார்கள். நான் எந்த ஸ்விட்சை மிதித்தேனோ, இடுப்பிலும் வலி ஆரம்பித்தது. இப்போது அதைக் கையில் பிடித்துப் பித்தவெடிப்பைத் தேய்த்துக்கொள்கிறேன். அந்த வேலையை நன்றாகத்தான் செய்கிறது.

கடைசியில் அஞ்சை விட்டு இறங்கி, இல்லை ஏறி, ஏழுக்கு வந்தேன். நீளம் சரி, அகலம் போதவில்லை. கடைப் பையன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் “ஜென்ட்ஸ்ல பாத்துடலாமா பாட்டி?” என்றான். ஜென்ட்ஸ் என்றதற்குக் கோபப்படுவதா, பாட்டி என்றதற்கா என்று நான் முடிவு செய்வதற்குள் கால் சுகமாக உள்ளே போய்விட்டது. வீட்டுக்காரரும் அதே சாண்டலை அதே நம்பரில் வாங்கிக்கொண்டார். கோயில் வாசலில் ஆளுக்கு ஒன்றாக மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறோம். பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

நியாயமாக எனக்கு இந்த அவஸ்தை வந்திருக்கக் கூடாது. நான் இருப்பது குரோம்பேட்டை, குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலையால் பேர் வாங்கின ஊர். அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைக்கிற ஷூ கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகிறது. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு ரப்பர் செருப்போடு மல்லுக்கட்டுகிறேன்.

அந்த அடையாறு நிறுவனத்தார் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் கால்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தார்கள். இந்தியக் கால் ஐரோப்பிய, அமெரிக்கக் காலைவிட அகலம், அவர்கள் அளவில் தைத்ததை நாம் போட்டால் கடிக்கத்தான் செய்யும் என்று கண்டு, நமக்கென்றே ‘பா’ என்று ஒரு புது அளவுமுறையைச் சொல்லியிருக்கிறார்கள். பேப்பரில் படித்ததும் எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. “பாத்தீங்களா, தப்பு என் கால்ல இல்ல!” என்று வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். “மூணு வயசுலேர்ந்து அம்பத்தஞ்சு வயசு வரைக்கும்தான் அளந்திருக்காங்க” என்று மடித்துக் கொடுத்தார்.

மகள் டொரன்டோவில் இருக்கிறாள். பேரன் பிறந்தது ஜனவரியில். பிரசவம் பார்க்கப் போன இடத்தில், பூட்ஸ் இல்லாமல் வாசற்படி தாண்டக் கூடாது என்று மாப்பிள்ளையைத் துணைக்கு அனுப்பிக் கடைக்குத் துரத்தினாள். கடைக்காரப் பெண் நம்பர் கேட்டாள். வழக்கம்போல “ஃபைவ்” என்றேன். அவள் கொண்டுவந்த பூட்ஸில் கட்டைவிரலைத் தவிர எதுவும் நுழையவில்லை. “இந்த ஊர்ல எல்லாத்தையும் சின்னதா பண்றாங்க மாப்ளே” என்றேன். மாப்பிள்ளை நல்ல மனிதர், ஆமாம் என்றார்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. நம் ஊர் செருப்பு நம்பர் வெள்ளைக்காரன் விட்டுப்போன இங்கிலாந்துக் கணக்கு. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஐரோப்பாவில் சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. அமெரிக்காவும் கனடாவும் எண்ணத் தொடங்குகிற இடமே வேறு. நான் கேட்ட அஞ்சு நம் ஊரில் மூன்று. நியாயமாக நான் கேட்டிருக்க வேண்டியது ஒன்பது. நாடு விட்டு நாடு போனால் நம் ரூபாய்க்குத்தான் மதிப்புக் குறைகிறது, கால் நம்பர் ஏறிவிடுகிறது.

அங்கே காலை அளக்க ஒரு உலோகத் தட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சிரக்யூஸ் என்ற ஊரில் செருப்புக் கடைக்காரர் ஒருவரின் மகன், சார்லஸ் பிரானாக், 1920களில் செய்த கருவி. இன்றைக்கும் அவர் பேரில்தான் இருக்கிறது. நீளம், அகலம், குதிகாலிலிருந்து வளைவு முடிகிற இடம்வரை என்று மூன்றையும் காட்டும். எழுந்து நின்று, எடை முழுக்கக் காலில் இறங்கின பிறகுதான் அளக்கிறார்கள். என் பாதத்தின் அகலத்தை ஒருவர் அளந்து பார்த்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் வேறு அலமாரியைத் திறந்தாள்.

மைனஸ் 30 டிகிரி தாங்கும் என்று எழுதியிருந்த பூட்ஸ் அமைந்தது. போட்டுக்கொள்ளத்தான் முடியவில்லை. குனிந்தால் வயிறு மறித்தது, நிமிர்ந்தால் ஜிப் எட்டவில்லை. கடைசியில் மாப்பிள்ளையே மண்டியிட்டு, “இருங்க அத்தை” என்று இழுத்து மூடிவிட்டார். எனக்குக் கூச்சத்தில் உடம்பு ஒடுங்கியது. வீட்டுக்காரர்தான் சமாதானம் சொன்னார்: “கல்யாணத்துல நாம அவர் காலைக் கழுவினோம்ல? டேலி ஆயிடுச்சு.”

குளிருக்குப் பயந்து அதற்குள் கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டேன். விரல்கள் இன்னும் விறைத்தன. கால் இறுகினால் ரத்த ஓட்டம் குறையும். சூட்டைக் காப்பதே உள்ளே தங்குகிற காற்றுதான். அதற்கு நான் இடமே வைக்கவில்லை. வெப்பக் கடத்தல் பாடத்தை ஃபிசிக்ஸ் சார்தான் எடுப்பார். அந்த பீரியடில் நான் ஸ்டாஃப் ரூமில் இருந்தேன்.

அவ்வளவு டாலர் கொடுத்து வாங்கினதை விட்டுவிட்டு வர மனம் வருமா? ஊறுகாய் போன பெட்டியில் பூட்ஸ் திரும்பி வந்தது. குரோம்பேட்டைப் பரணில் பேப்பர் அடைத்து வைத்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது, “இதுக்குத்தான் வெச்சிருந்தேன்” என்று பெருமையாக எடுத்துப் போட்டுக்கொண்டு பால் வாங்க இறங்கினேன். பூட்ஸ் கணுக்காலுக்குச் சற்று மேலே வரை. தண்ணீர் முழங்காலுக்கு. நிஜமாகவே வாட்டர்ப்ரூஃப்தான், உள்ளே போன தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.

பத்திரப்படுத்துவதில் எனக்குள்ள திறமைக்கு இன்னொரு சாட்சி உண்டு. விலை உயர்ந்த சாண்டல் ஒன்று, கால் கடிக்காத ஒரே சாண்டல், விசேஷத்துக்கென்றே அட்டைப் பெட்டியில் வைத்திருந்தேன். எந்த விசேஷமும் அதற்கு ஈடாகத் தோன்றாததால் வருஷக்கணக்காகப் பெட்டியிலேயே இருந்தது. அண்ணன் மகன் கல்யாணத்துக்குத்தான் வெளியே எடுத்தேன். பட்டுப்புடவை, கொலுசு, மெட்டி, சாண்டல். ரிசப்ஷனில் சிவப்புக் கம்பளத்தில் நடந்து, மேடையில் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

திரும்பிப் பார்த்தால் கம்பளம் நெடுக பழுப்பாகத் துகள்கள். கேக் சிந்தியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பையன் கையில் தட்டோடு நின்றான். பழைய வாத்தியார் புத்தி, “இப்படியா சாப்பிடறது? யார் வீட்டுப் பிள்ளை நீ?” என்று பிடித்துக்கொண்டேன். அவன் மிரண்டு போய் என் காலைக் காட்டினான். குதிகால் பக்கம் பாதி அடிப்பாகம் இல்லை. மீதி, நான் நின்ற இடத்திலேயே உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பையன் பெண் வீட்டுப் பிள்ளை என்பது சாப்பாட்டுப் பந்தியில் தெரியவந்தது.

ஸ்டேஷன் ரோட்டில் செருப்பு தைக்கிறவர் அதை வாங்கிப் பார்த்தார். “போடாம வெச்சா இப்படித்தான் டீச்சர் மாவாயிடும்” என்றார். பாலியூரிதேன் சோல். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து, எஸ்டர் பிணைப்புகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வருகின்றன. நடக்க நடக்கத் தேய்வது வேறு, இது சும்மா வைத்தாலே நடக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில், காற்றோட்டம் இல்லாத பெட்டியில் கேட்கவே வேண்டாம். இதற்குப் பெயர் நீராற்பகுப்பு. வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டு, அடிக்கோடிட்டு, “ஃபைவ் மார்க் கேள்வி, கண்டிப்பா வரும்” என்று சொல்லியிருக்கிறேன். வந்தது.

பிறகு சர்க்கரை. டாக்டர் ஒரு நைலான் நூலை என் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்தி “தெரியுதா?” என்று கேட்டார். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நூல் அது. அது படுவது தெரியாவிட்டால் காலில் உணர்ச்சி குறைகிறது என்று அர்த்தம். எனக்குப் பரீட்சைப் பயம். அவர் தொடுவதற்கு முன்பே “தெரியுது” என்றேன். காப்பியடித்த எத்தனையோ பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றியவள் நான். அவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“குதிகால் வலிக்குது, ஆணி குத்துதுன்னு சொல்றீங்களே, வலி தெரியற வரைக்கும் நல்லதும்மா” என்றார். 1914ல் கொல்லிமலையில் பிறந்து, வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கை கால்களுக்கு அறுவை சிகிச்சை செய்த பால் பிராண்ட் என்ற டாக்டர் வழி வந்த பாடம் இது. விரல்களைத் தின்பது நோய் இல்லை, வலி தெரியாததால் படுகிற காயங்கள்தான் என்று காட்டியவர். வலியை ஒரு கொடை என்று சொல்லிப் புத்தகமே எழுதினார். கொடை விஷயத்தில் எனக்குக் குறையே வைக்கவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல் எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்தார். உள்ளே நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர், பாதத்துக்கு மெத்தென்று இருக்கும். “வெளிய மட்டும் இல்ல, வீட்டுக்குள்ளயும் போடணும். வெறுங்கால் கூடாது.”

வீட்டுக்குள் செருப்பா! செருப்போடு நிலைப்படி தாண்டினால் மாமியார் கங்கா ஜலம் தெளித்த வீடு இது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், சுவரில் படமாக இருந்து பார்க்கிறார். வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. நானும் விடவில்லை. “ஸ்ரீரங்கத்துல வேதாந்த தேசிகர் ராத்திரியோட ராத்திரியா பெருமாள் பாதுகையைப் பத்தியே 1008 ஸ்லோகம் பாடியிருக்கார். பரதன் சிம்மாசனத்துலயே வெச்சான். நான் சமையல்கட்டுல போடக் கூடாதா?” அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அது ராமர் கால்ல இருந்தது” என்றார்.

உடன்படிக்கை ஏற்பட்டது. வீட்டுக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று, வெளியே ஒன்று. பூஜை அறைக்கு மட்டும் சாக்ஸ். எந்த எல்லையில் எதைக் கழற்றி எதைப் போடுவது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. போன மாதம் பென்ஷன் விஷயமாக பேங்குக்குப் போய், மேனேஜர் எதிரில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், பாத்ரூம் செருப்பு. அவர் கவனித்தது அதற்கும் முன்னால்.

இப்போது போட்டிருப்பது ஆஸ்பத்திரியிலேயே அளவெடுத்துச் செய்தது. வெள்ளைத் தாளில் நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார்கள். இடது கால் வலதைவிடப் பெரிது என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. கறுப்பு நிறம், அகலமான வார், வெல்க்ரோ. 1941ல் தன் நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட முள் விதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வெல்க்ரோவுக்கு வழி கண்டார் சுவிட்சர்லாந்து எஞ்சினியர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால். நாயுருவி விதை என் புடவையிலும் காலமெல்லாம் ஒட்டியிருக்கிறது. எனக்குத் திட்டத்தான் தோன்றியது. செருப்பைப் பார்த்த பேத்தி வீடியோ காலில் “பாட்டி, இது ரோபோ ஷூவா?” என்று கேட்கிறாள். கேட்கட்டும். கடிக்கவில்லை.

செருப்புக் கடை முதலாளிகளே, கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். அளவைப் பற்றி உங்களோடு இனி சண்டை போட மாட்டேன், நம்பர் நீங்கள் சொல்வதுதான். ஆனால் காலைப் போட்டுப் பார்க்க நீங்கள் வைத்திருக்கிற முதுகில்லாத குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தால் எங்களால் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்திருக்க முடியாததாலேயே இரண்டு ஜோடி வாங்கியிருக்கிறேன். கைப்பிடி வைத்த நாற்காலி, ஒன்றே ஒன்று, மூலையில் போட்டு வையுங்கள்.